வட்டாரங்கள் தெரிவிக்கின்றன

நாகல் நகரில், புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்துவரும் வழியில், தறிக்காரர்கள் கூடும் தேநீர்க் கடை ஒன்று உண்டு. ஒரே நாளேட்டை நான்காகப் பிரித்து நான்கு பேர் படிப்பதும், படித்தவர் படிக்காதவருக்கு வாய்விட்டுச் சொல்வதும் அங்கே அன்றாட வழக்கம். 2017ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு காலை, நாம் கல்லூரியில் வரலாறு பயின்றுகொண்டிருந்த காலம், அந்தக் கடையில் வழக்கத்துக்கு மாறான அமைதி நிலவக் கண்டோம். மதுரைப் பொதுக்கூட்டம் ஒன்றில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் ஆற்றிய உரை ஏட்டில் வந்திருந்தது. முதலமைச்சர் செயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது இட்டிலி உண்டார், நலமாயிருக்கிறார் என்றெல்லாம் தாங்கள் சொன்னவை பொய். எவரும் அவரை நேரில் காணவில்லை. பொறுத்தருள வேண்டும் என்பதே அதன் சாரம். நம் ஊர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர். படித்துக் காட்டிய முதியவர் ஏட்டை மடித்தார்.

“அப்ப போன வருசம் நாம படிச்சது?” என்றார்.

எவரும் மறுமொழி கூறவில்லை. கேள்வி அமைச்சரை நோக்கியதன்று. ஏட்டை நோக்கியது என்பதை அங்கிருந்தோர் அனைவரும் உணர்ந்தனர். பொய் சொன்னவர் வந்து, பொய் சொன்னேன் என்றார். அதை மெய்யென அச்சிட்டு நம்மிடம் காசுக்கு விற்றவர்கள் யாது கூறினர்? அவர்களுக்கென்ன! ‘அமைச்சர் கூறினார்’ என்று முன்பும் போட்டார்கள்; ‘அமைச்சர் கூறினார்’ என்று இப்போதும் போட்டார்கள். இரண்டு நாளும் செய்தி சரி. நடுவில் ஏமாந்தவர் நாம்.

ஆட்சி கைமாறும் காலத்தில் ஏடுகள் யாருடைய வாயிலிருந்து செய்தி எடுக்கின்றன? இந்தக் கேள்வியை அந்தத் தேநீர்க் கடையிலிருந்தே நாம் சுமந்து வருகிறோம். கோவிலில் அசரீரி கேட்டதென்று எவரேனும் சொன்னால், கேட்டவன் யார், எங்கே நின்று கேட்டான் என்று வினவுகிறோம். நாளேட்டில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்றால் மட்டும் வாய்மூடிக் கொள்கிறோமே, இது எந்தப் பகுத்தறிவைச் சேர்ந்தது? வட்டாரம் என்பது ஒரு மனிதனா, ஓர் அறையா, ஒரு தொலைபேசியா?

இதைச் சென்னையின் பழங்கதையிலிருந்தே தொடங்கலாம். 1878இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக முதன்முதலில் ஓர் இந்தியர், டி. முத்துசாமி அய்யர், அமர்த்தப்பட்டபோது, வெள்ளையர் நடத்திய ஏடுகள் அதைத் தூற்றின. மறுத்துரைக்க நாட்டவர்க்கு ஏடில்லை. ஆறு இளைஞர் கூடினர். அவர்களில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் 80 படிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’வைக் கிழமை ஏடாக வெளியிட்டனர். முன்னின்ற ஜி. சுப்பிரமணிய அய்யர் நம்மைப்போல் பள்ளி ஆசிரியர். பின்னர் ‘சுதேசமித்திரன்’ கண்டவரும் அவரே. ஆளுவோர் சொல்லே செய்தி, ஆளப்படுவோர் சொல் வெறும் கூச்சல் என்றிருந்த நிலையை எதிர்த்துப் பிறந்த ஏடு அது. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் நாற்பது ஆண்டு கூட ஆகவில்லை, அந்த ஏட்டின் வாசலிலேயே வேறொரு கூட்டம் அதே குறையோடு நின்றது! 1916 நவம்பர் 20ஆம் நாள் சென்னையில் தியாகராயரும் டாக்டர் நாயரும் பிறரும் கூடினர். டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. மாநிலத்தின் மிகப் பெரும்பான்மை மக்கள் அரசுப் பதவிகளிலும் மன்றங்களிலும் எத்தனை சிறுபான்மையாய் இருந்தனர் என்பதை எண்களால் காட்டிய அறிக்கை அது. ‘தி இந்து’ அதைக் கண்டு வருந்துவதாகவும் வியப்பதாகவும் எழுதிற்று. பெசண்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ எதிர்த்தது. எண்கள் பொய்யா என்று ஆராய்வதைவிட, இதைச் சொல்ல இவர்கள் யார் என்ற வியப்பே மேலோங்கி நின்றது. செய்தியின் உண்மையை எடைபோடுமுன் சொன்னவனின் தகுதியை எடைபோடும் வழக்கம் ஏட்டுலகில் புதியதன்று; அதற்கு வருணாசிரமத்தைப்போலவே அகவை அதிகம்.

விளைவு யாது? 1917 பிப்ரவரி 26ஆம் நாள் ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’ வந்தது, நாயரே ஆசிரியர். தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திரப் பிரகாசிகை’. கட்சியையே மக்கள் அந்த ஆங்கில ஏட்டின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி என்று அழைக்கலாயினர். கட்சிக்கு ஏடு பெயர் கொடுத்த விந்தையை வேறெங்கும் நாம் அதிகம் கண்டதில்லை. மூன்றே ஆண்டில், 1920 நவம்பர்த் தேர்தலில், காங்கிரசு விலகி நிற்க, அக்கட்சி தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 63ஐப் பெற்றது. டிசம்பர் 17ஆம் நாள் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். நேற்றுவரை வியப்புக்குரியவர்கள் இன்று செய்திக்குரியவர்கள்! அவர்கள் வாயைப் பார்த்து எழுதவேண்டிய நிலை எல்லா ஏடுகளுக்கும் வந்தது.

இங்கே தமிழ் ஏடுகளின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். இலக்கண ஆசிரியர்கள் கவனியாத இலக்கணம் அது. ஆட்சியில் இருப்பவன் ‘அறிவிப்பான்’; இல்லாதவன் ‘குற்றஞ்சாட்டுவான்’. ஆட்சியில் இருப்பவன் ‘விளக்குவான்’, இல்லாதவன் ‘கூறிக்கொள்வான்’. பதவியேற்பு நாளன்று இந்த வினைச்சொற்கள் இடம் மாறிக்கொள்ளும். மனிதர் அவரே, அவர் பேச்சும் அதுவே; வினைமுற்று மட்டும் கோட்டைக்குள் புகுந்துவிடும். தோழர்கள் தம் வீட்டு ஏடுகளை எடுத்துப் பார்க்கட்டும்.

1952இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிட்டியவை 152. பெரும்பான்மை இல்லை. எதிர்த்தரப்பினர் பிரகாசம் தலைமையில் ஐக்கிய சனநாயக முன்னணி அமைத்துத் தம் பக்கமே எண்ணிக்கை மிகுதி என்றனர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத இராசகோபாலாச்சாரியாரை மேலவைக்கு நியமித்து அழைத்தார்; ஏப்ரல் 10ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். ஆட்சி எவருடையது என்று தெளியாத அந்த இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஆளுநர் மாளிகை ஒன்றே சட்டம் ஒப்பிய வாய். அதிலிருந்து வருவது அறிக்கை. முன்னணியிடமிருந்து வருவதோ உரிமைகோரல். சட்டமன்றத்தில் கை தூக்கி எண்ணிப் பார்க்குமுன்பே, செய்தியின் நடையிலேயே ஒரு தரப்பு உயர்ந்து மறுதரப்பு தாழ்ந்துவிடுகிறது. எந்தச் செய்தியாளனும் பொய் எழுத வேண்டியதில்லை. எந்த வாசலில் அவன் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறான் என்பது போதும்.

இதை எண்ணிக்கையாலேயே மெய்ப்பித்தவர்கள் இருவர் அமெரிக்காவில் இருந்தனர். உருசியப் புரட்சியைக் குறித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏடு 1917 மார்ச்சு முதல் மூன்றாண்டுகள் வெளியிட்ட செய்திகளை வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்னும் இரு எழுத்தாளர் வரிவரியாகப் படித்து, 1920 ஆகஸ்டில் ‘நியூ ரிபப்ளிக்’ இதழின் இணைப்பாக ஆய்வொன்றை வெளியிட்டனர். சோவியத்து ஆட்சி கவிழப் போகிறது, அல்லது கவிழ்ந்தேவிட்டது என்று இரண்டாண்டுகளில் அந்த ஏடு எத்தனை முறை சொல்லியிருந்தது தெரியுமா? 91 முறை! ஆட்சியோ அசையாமல் இருந்தது. ஏட்டார் பொய்யர் என்று அவ்விருவர் முடிவு கட்டவில்லை. செய்தி வந்த வாய்களைப் பார்த்தனர்: அயலுறவுத் துறையினர், தூதரகத்தார், பெயர் சொல்லாத அதிகாரிகள், நாடு விட்டோடி வந்த பழைய ஆட்சியின் ஆட்கள். இவர்கள் நடந்ததைச் சொல்லவில்லை; நடக்கவேண்டும் என்று தாம் விரும்பியதைச் சொன்னார்கள். எழுதியவர்களின் உள்ளத்தில் இருந்த ஆசையும் அச்சமுமே பெரிய தணிக்கையாளர்களாக இருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. நூறாண்டு கடந்த ஆய்வு. நம் தமிழ் ஏடுகளை இவ்வாறு எவரேனும் எண்ணிப் பார்த்திருந்தால், அந்த நூலை நாம் தேடிச் சென்று விலை கொடுத்து வாங்கியிருப்போம்.

நம் மாநிலத்தில் எண்ணத்தக்க நாள் 1967ஆம் ஆண்டு மார்ச்சு 6. இருபதாண்டுக் காங்கிரசு ஆட்சி போய், அறிஞர் அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்ற நாள். விருதுநகரில் காமராசர், மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். அதற்கு ஈராண்டு முன்பு, 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கு 70 அளவில் நின்றது; மக்கள் வாய்க்கணக்கோ நூற்றுக்கணக்கில் சென்றது. காவல்துறைக் குறிப்பையே பெரிதும் நம்பி இருந்த ஏடுகளால், பிணம் எடுத்த ஊர்களின் உள்ளத்தை அளந்திருக்க முடியுமா? அந்த உள்ளம்தான் 1967இல் வாக்குப் பெட்டியைத் திறந்ததும் வெளிவந்தது.

இனி நம் தரப்பையும் பேசாமல் போனால் இந்தக் கட்டுரை அரைக் கட்டுரை. புதிய அமைச்சரவையைப் பாருங்கள். முதலமைச்சர் ‘திராவிட நாடு’ கண்ட ஆசிரியர். அதற்கு முன் ‘விடுதலை’யில் பணியாற்றியவர். பொதுப்பணித்துறை அமைச்சர் கலைஞர் ‘முரசொலி’யின் நிறுவனர். சட்டமன்றத்தின் பேரவைத் தலைவராக அமர்ந்தவர் சி.பா. ஆதித்தனார், 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கி, தேநீர்க் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நாளேட்டைக் கொண்டுசென்றவர். ஏட்டு வாசலில் காத்துக்கிடந்தோர் ஏட்டோடு கோட்டைக்குள்ளேயே சென்றுவிட்டனர்! பெருமைதான், மறுக்கவில்லை. உழைத்துப் பெற்ற பெருமை. ஆனால் செய்தி தரும் வாயும் செய்தி எழுதும் கையும் ஒரே உடம்பில் அமைந்தபின், அந்த உடம்பை வெளியே நின்று பார்ப்பவன் யார்? தேர்தலுக்கு முன் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எழுந்தது. ஆட்சிக்கு வந்தபின், 1967 மே திங்களில், ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மற்ற இரண்டு படி எங்கே என்று அமைச்சரின் சொந்த ஏடே கேட்கும் என்று எவரும் எதிர்பார்க்க இயலாது. அந்தக் கேள்வியைக் கேட்பவன் பகைவனாகத் தோன்றத் தொடங்கினால், 1916இல் நம்மைப் பார்த்து வருந்தி வியந்தவர்களின் நாற்காலியில் நாமே அமர்ந்துவிட்டோம் என்று பொருள்.

அந்த நாற்காலி எத்தனை உறுதியற்றது என்பதை நம் திண்டுக்கல்லே 1973இல் காட்டிற்று. மே 20ஆம் நாள் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில், முந்தைய அக்டோபரில் பிறந்து ஏழு திங்களே ஆன அ.தி.மு.க.வின் மாயத்தேவர் வென்றார். சிண்டிகேட் காங்கிரசு இரண்டாமிடம்; மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாமிடம். கோட்டையிலிருந்து வரும் செய்தியை மட்டும் படித்தவன் இந்த முடிவைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. நாகல் நகர்ப் பெரியவர்கள் இன்றும் அந்த மே மாதத்தைப் பேசுவார்கள். அவர்கள் பேச்சில் ஏட்டுச் செய்தி வருவதேயில்லை. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படம் வந்த கதையும், இரட்டை இலை முதன்முதலாக வாக்குச்சீட்டில் ஏறிய கதையுமே வரும்.

பிறகு 1976. சனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலையின் தணிக்கை தமிழ்நாட்டின்மேலும் முழுமையாக இறுகியது. கழகத்தோழர்கள் ஊர்தோறும் மிசாச் சட்டத்தில் பிடிக்கப்பட்டனர். யார் யார், எந்தச் சிறையில் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கைது செய்தியை அச்சிடத் தணிக்கையாளர் ஒப்பமாட்டார். அதே பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி ஆகிய நான்கு செய்தி நிறுவனங்களையும் ஒன்றாய்ப் பிணைத்துச் ‘சமாச்சார்’ என்று ஒரே நிறுவனமாக்கினர். 1947இல் சென்னையில் பதிவான பி.டி.ஐ., ராய்ட்டரின் பிடியிலிருந்து உள்நாட்டுச் செய்தியை மீட்கவே தோன்றியது. முப்பதாண்டு முடியுமுன் அதன் கழுத்தில் வேறு கயிறு. நாடு முழுமைக்கும் ஒரே வாய்; அந்த வாய்க்கு ஒரே காது, அதுவும் தில்லியில்!

அந்த நாளில் ‘முரசொலி’ ஒன்று செய்தது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று அண்ணாவின் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று கூறி, மாவட்டம் மாவட்டமாகப் பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கைது என்ற சொல் இல்லை, சிறை என்ற சொல் இல்லை, கண்டனம் இல்லை. ஒரு தலைவரின் நினைவு நாளுக்கு வர இயலாதவர் பட்டியலில் தணிக்கையாளர் எதை அடிப்பது? படித்தவன் மட்டும் அறிந்துகொண்டான். தன் அண்ணனின் பெயரைத் தன் மாவட்டத்தின் கீழ் விரல் வைத்துத் தேடினான். ‘வட்டாரங்கள்’ என்ற சொல்லுக்கு நேர் எதிரான செய்தி அது. வட்டாரங்கள் என்னும்போது செய்தி இருக்கும், ஆள் இருக்கமாட்டான். இங்கே ஆட்களின் பெயர் மட்டுமே இருந்தது; செய்தியைப் படித்தவன் இட்டு நிரப்பிக்கொண்டான். சமாச்சார் நிறுவனம் 1978இல் கலைந்து பழைய நான்கும் மீண்டன.

மீண்டும் நம் காலத்துக்கு வருவோம். 2016 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு முதலமைச்சர் செயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 வரை 75 நாட்கள். இடையில், அக்டோபர் 11இல், அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்பட்டன. ஆட்சி கைமாறத் தொடங்கியது அன்றே. ஆனால் செய்தியின் ஊற்று மூன்றே: மருத்துவமனையின் சிற்றறிக்கை, கட்சிப் பேச்சாளர்கள், உள்ளே சென்று திரும்பிய பெரியோர். உள்ளே சென்றவர்களும் மருத்துவரைக் கண்டதாகச் சொன்னார்களேயன்றி நோயாளியைக் கண்டதாகச் சொன்னவர் அரிது. மாநிலம் முழுவதும் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ‘நீர் நேரில் கண்டீரா?’ என்ற ஒன்றே. வழக்குமன்றத்தில் கூலிக்காரன் சாட்சி சொன்னாலும் முதலில் கேட்கும் கேள்வி அது. எந்த ஏடும் அதைக் கேட்கவேயில்லை என்று கூறமாட்டோம். ஆனால் விடை கிட்டாத கேள்வி உள்பக்கத்துக்குப் போயிற்று. இட்டிலி முதற்பக்கத்துக்கு வந்தது.

டிசம்பர் 5 மாலை நடந்தது இன்னும் வேடிக்கை, துயரம் கலந்த வேடிக்கை. சில தமிழ்த் தொலைக்காட்சிகள் முதலமைச்சர் இறந்துவிட்டார் என்றன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கிற்று. மருத்துவமனை மறுத்தது. கொடி மீண்டும் ஏறிற்று! கொடியைப் பார்த்துத் தொலைக்காட்சி நம்பியதா, தொலைக்காட்சியைப் பார்த்துக் கொடி இறங்கியதா? ஒன்றையொன்று சான்று காட்டும் இரு ஊற்றுகள் உண்மையில் ஓர் ஊற்றுக்கும் ஈடாகா. இரவு 11.30 மணிக்கு மறைந்தார் என்று அறிவித்தனர். விடியுமுன்பே புதிய முதலமைச்சர் உறுதிமொழி ஏற்றார். பின்னர் அமைந்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது சாட்சிகளைக் கொண்டு, இறப்பு முதல்நாளே, டிசம்பர் 4 பிற்பகலிலேயே நேர்ந்தது என்றது. மருத்துவமனையின் கூற்று வேறு. எது மெய் என்று நாகல் நகரிலிருந்து நாம் தீர்ப்புரைக்கப் போவதில்லை. ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் மறைந்த நாள் எது என்பதிலேயே இரு ஊற்றுகள் இருவேறு நாளைச் சொல்லும் நிலைக்கு வந்தோமே, அதைத்தான் குறிக்கிறோம்.

நாம் பணியாற்றும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இந்த ஆண்டு ஒரு வேலை தந்தோம். அரசியல் செய்தி ஒவ்வொன்றின் இறுதிச் சொல்லையும் அடிக்கோடிட வேண்டும். பெயர் உள்ள ஆள் சொன்னால் சிவப்பு, பெயரில்லாதவர் சொன்னால் நீலம். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘பேசப்படுகிறது’, ‘தெரிவிக்கின்றன’ என்று நீலம் ஏறிக்கொண்டே போயிற்று. தறிக்காரர் மகன் ஒருவன் எழுந்து, “ஐயா, ‘தெரிகிறது’ன்னா யாருக்குத் தெரிகிறது?” என்றான். எழுவாயில்லாத வாக்கியம் என்று இலக்கணம் சொல்லிச் சமாளித்தோம். அவன் அமரவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

அவனுக்கு விடை சொல்லவேண்டி, 1967 மார்ச்சுத் திங்களின் ஏடுகளைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். லிப்மனும் மெர்ஸும் எண்ணியதுபோல், வாய் வாயாக எண்ணிப் பார்க்க எண்ணம். காங்கிரசு ஏடு, கழக ஏடு, நடுநிலை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஏடு, எல்லாம் வேண்டும். நம் தரப்பு ஏடுகளுக்கு விலக்கில்லை. வீட்டுப் பரணில் அந்நாளைய ஏட்டுக் கட்டுகள் வைத்திருக்கும் தோழர்கள், அவற்றை எடைக்குப் போடுமுன் நமக்கு ஒரு சொல் சொல்லியனுப்புக. செல்லரித்திருந்தாலும் தாழ்வில்லை.